பழகிப்போச்சு சார்!

சென்னைவாசி யாரிடமாவது 'மணலி' என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கை மூக்குக்குத்தான் போகும். ஊரைப் பார்த்தே இராதவர்களுக்கும் அந்த வாசனை மட்டும் தெரியும்! எண்ணூர் பக்கம் போகிற வழியில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'எப்படித்தான் இங்க இருக்காங்களோ' என்று ஒரு வரி சொல்லிக் கடந்துவிடுவோம். அதே கேள்வியை அங்கே இருப்பவரிடம் கேட்டால், பதிலும் ஒரே வரியில் வரும்: 'பழகிப்போச்சு சார்.'

இந்த வாரம் இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். துணைக்கு ஒரு இறாலைக் கூப்பிட்டிருக்கிறேன். பயப்படாதீர்கள், தொக்கு வைப்பதற்கு அல்ல.

1977 பிப்ரவரி. பசிபிக் கடலில், காலபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூட்டம். கடலின் அடித்தரை விரிசல் விட்டிருக்கும் இடத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறதா என்று பார்க்க, 'ஆல்வின்' என்ற சின்ன நீர்மூழ்கியில் இறங்கினார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் கல்லையும் மண்ணையும் ரசாயனத்தையும் படித்தவர்கள். உயிரியல் படித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எதற்கு? ஆழம் சுமார் 2,500 மீட்டர். வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி இல்லை. பாசி இல்லாத இடத்தில் அதைத் தின்னும் உயிரும் இல்லை. 'அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்' என்பதுதான் கணக்கு.

ஊற்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது! சிப்பிகள், நண்டுகள், நீள நீளமான குழாய்ப்புழுக்கள். பிடித்ததைக் கெடாமல் வைக்க மருந்து போதாமல், பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள். அந்த ஊற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்து பாட்டிலைத் திறந்தபோது கப்பலின் ஆய்வறையே நாறியது. என்ன நாற்றம் தெரியுமா? அழுகின முட்டை.

மணலிக்காரர் ஒருவர் அந்தக் கப்பலில் இருந்திருந்தால், 'இதுவா?' என்று கேட்டிருப்பார்.

அந்த வாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கிறது. அதைப் பிரிக்கும்போது இந்த வாயு உருவாகும். அதைப் பிடித்து, மஞ்சள் கந்தகமாக மாற்றி எடுப்பதற்கென்றே சுத்திகரிப்பு ஆலைகளில் தனிப் பிரிவு உண்டு. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு நடக்கிறது. அதைச் சுற்றி உரம், பெட்ரோகெமிக்கல் என்று ஆலைகள் வளர்ந்தன. மணலியில் வீசும் எல்லா வாடையும் இந்த ஒரு வாயுதான் என்று சொல்ல முடியாது. அமோனியா உண்டு, கரைப்பான்கள் உண்டு, குப்பையும் சாக்கடையும் உண்டு. ஆனால் நம் மூக்குக்கு மிகப் பழைய எதிரி இதுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே கண்டுபிடித்துவிடுவோம். ஐந்நூறு பங்கைத் தாண்டினால் ஆளைச் சாய்த்துவிடும்.

கடலடியில் அதே வாயு சோறு. மேலே சூரியன் செய்கிற வேலையைக் கீழே இந்த வாயு செய்கிறது. சில பாக்டீரியாக்கள் அதை ஆக்ஸிஜனோடு சேர்த்து, அதில் வரும் சக்தியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. அந்த பாக்டீரியாவை நம்பித்தான் மொத்த ஊரும்.

இப்போது நம் இறால் வரட்டும்.

அட்லாண்டிக் கடலின் நடுவே, சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்று மேடு. 1985-ல் பீட்டர் ரோனா என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. கரும்புகை போலத் தண்ணீரைக் கக்கும் கல் புகைபோக்கிகள். கக்கும் நீரின் சூடு 350 டிகிரிக்கு மேல். மேலே இருக்கும் கடலின் எடை அழுத்துவதால் அந்தச் சூட்டிலும் அது ஆவியாவதில்லை. அந்தப் புகைபோக்கிகளைச் சுற்றி ஈ மொய்ப்பது போல இறால்கள். ஒரு சதுர மீட்டரில் 2,000-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். நம்ம தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இறாலின் தலை கொஞ்சம் வீங்கியிருக்கும். உள்ளே இருப்பது ஒரு சமையலறை. செவுள் அறையிலும் வாய் உறுப்புகளிலும் பாக்டீரியாக்களைக் குடிவைத்திருக்கிறது. அவற்றுக்கு வேண்டிய வாயு கிடைக்க, ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ரொம்பப் பக்கத்தில் போனால் வெந்துவிடும். தள்ளிப் போனால் பட்டினி. எனவே வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் அந்த மெல்லிய ஓரத்தில், இடித்துப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வாழ்க்கை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'நரக நெருப்பில் வாழும் இறால்' என்று நாம் ஆச்சரியப்படுகிறோமே, அது நெருப்பில் வாழவில்லை. அழுத்தம் கொடுத்த தொட்டியில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் 40 டிகிரியை நெருங்கினாலே இறால் நிலைகுலைந்துவிடுகிறது. நம்ம ஊர் கத்திரி வெயில் அளவுதான் அதன் எல்லை! தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு, 'அதுக்கென்ன, நெருப்பையே தாங்கும்' என்று தோன்றும். இறாலுக்குத்தான் தெரியும், தான் தாங்குவது எவ்வளவு, தப்பிப்பது எவ்வளவு என்று.

சரி, மணலிக்கு வருவோம்.

'ஒருத்தருக்கு விஷம், இன்னொருத்தருக்கு உணவு. வேப்பமரத்துப் புழுவுக்கு வேம்பு கசக்குமா? எல்லாம் பழக்கம்தானே?' என்று ஒருவர் வாதம் செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பழக்கம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால், அந்தச் சொல்லை வைத்து எந்த அநியாயத்தையும் நியாயம் ஆக்கிவிடலாம்.

முதலாவது, உடம்பு மாறுவது. இறாலுக்கு நடந்தது இது. எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக, தாங்காதவை செத்து, தாங்கினவை மட்டும் பிள்ளை பெற்று, அந்த வாயு அதற்கு உறவாகிவிட்டது. இத்தனைக்கும் இந்த இறால் குஞ்சாக இருக்கும்போது ஊற்றோரத்தில் இருப்பதில்லை. மேலே திறந்த கடலில் திரிந்து, சூரிய வெளிச்சத்தில் விளைந்ததைச் சாப்பிட்டுவிட்டு, வளர்ந்த பிறகுதான் கீழே வந்து சேர்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த கதைதான். வருகிற வழியிலேயே உடம்பும் மாறிவிடுகிறது, தலை பெருக்கிறது, கண்கூட இடம் மாறுகிறது.

மனிதனும் பிழைப்பைத் தேடித்தான் மணலிக்கு வந்தான். ஆனால் அவன் உடம்பு மாறவில்லை. அடையாறு நுரையீரலும் மணலி நுரையீரலும் ஒரே நுரையீரல்தான்.

இரண்டாவது, மூக்கு ஓய்ந்துபோவது. இந்த வாயுவுக்கு ஒரு குரூரமான குணம் உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆகிவிட்டால், சில நிமிடங்களில் மோப்ப நரம்பே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிடும். 'அப்பாடா, போயிடுச்சு' என்று நினைக்கத் தோன்றும். போகவில்லை, உங்கள் மூக்குதான் போய்விட்டது. ஆபத்து அதிகமாகும்போது எச்சரிக்கை குறைகிறது.

பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கியவர்கள் செத்ததாகப் பேப்பரில் படிக்கிறோமே, அங்கே இருப்பதும் பெரும்பாலும் இதே வாயுதான். 2013-ல் தடைச் சட்டம் வந்தது. சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால், சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். அவர்களைக் குழிக்குள் இறக்கிவிட்டவரைக் கேட்டுப் பாருங்கள். 'அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார்.' தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியை மட்டும் அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டு, அதற்குப் பழக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த வாயுவோடு மனித உடம்பு பழகியதாக இதுவரை எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாவது, மனசு விட்டுப்போவது. புகார் கொடுத்தாயிற்று. அதிகாரி வந்தார், பார்த்தார், போனார். கருவி வைத்தார்கள். அறிக்கை வந்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பேட்டைகளுக்கு மார்க் போட்டது. 70-க்கு மேல் வாங்கினால் 'கடுமையாக மாசுபட்ட பகுதி'. மணலி 76.32. பரீட்சையில் இப்படி மார்க் வாங்கியிருந்தால் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பார்கள்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் இருந்து எண்ணெய் வெளியேறியதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் பதிவு செய்தது. படகும் வலையும் கறுப்பாயின. மீனவர்கள் பக்கெட்டையும் மக்கையும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள். அந்த ஈரம் காய்வதற்குள், அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் ஒரு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் 'பழகிப்போச்சு சார்' என்று சொன்னால், அவருக்கு வலிக்கவில்லை என்றா அர்த்தம்? 'சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு' என்று அர்த்தம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒருவரால் ஒரு கஷ்டத்தைத் தாங்க முடிகிறது என்பது, அந்தக் கஷ்டத்தை அவருக்குக் கொடுக்க மற்றவர்களுக்கு உரிமை தருமா?

'தராது' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நடைமுறையில் நாம் எல்லோரும் தரும் என்றுதான் வாழ்கிறோம். வீட்டில் மாமியாருக்கு நாலு மணிக்கு எழுந்து பழக்கம். வேலைக்கார அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம். வாட்ச்மேனுக்குக் கொசுக்கடி பழக்கம். வடசென்னைக்குப் புகை பழக்கம். கவனித்துப் பாருங்கள், இந்த வாக்கியம் எப்போதும் மேலிருந்து கீழேதான் பாயும். 'முதலாளிக்குக் கஷ்டம் பழக்கம்' என்று யாரும் சொல்வதில்லை.

'பழகிப்போச்சு' என்று படுகிறவர் தன் வாயால் சொன்னால் அது அவருடைய வைராக்கியம். அதே சொல்லை அவருக்காக நாம் சொன்னால், அது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் லைசென்ஸ்.

உங்கள் சமையலறைக்கே போய்ப் பாருங்கள். சிலிண்டர் கேஸ் கசிந்தால் ஒரு கெட்ட வாடை வருகிறதே, அது கேஸின் வாடை அல்ல. எல்.பி.ஜி. வாயுவுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, மெர்காப்டன் என்ற நாற்றம் பிடித்த கந்தகப் பொருளைக் கொஞ்சம் கலந்து அனுப்புகிறார்கள். அதாவது, நம் வீட்டுக்கு நாற்றம் என்பது எச்சரிக்கை. வந்தால் உடனே ஜன்னலைத் திறக்கிறோம், போன் போடுகிறோம், ஆள் ஓடி வருகிறது. கந்தக வாடை என்னவோ ஒன்றுதான். சமையலறையில் வந்தால் எமர்ஜென்ஸி, மணலியில் வந்தால் பழக்கம்!

'ஆலையெல்லாம் வேண்டாம்னு சொல்றீங்களா? பெட்ரோல் எங்கிருந்து வரும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையின் வண்டிகள் ஓடுவதும் அடுப்பு எரிவதும் மணலியின் தயவில்தான். அந்த ஆலைகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிடுகின்றன. நாளைக்கே பூட்டச் சொல்வது, இறாலைக் கூப்பிட்டு ஊற்றை விட்டுத் தள்ளிப் போ என்று சொல்வது மாதிரி. பட்டினி. நான் கேட்பது அதுவல்ல. 'அவங்களுக்குப் பழக்கம்' என்ற நினைப்பு இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் குழாய்க்கு இன்னும் கொஞ்சம் செலவு செய்திருப்போமா, மாட்டோமா? அந்தக் கருவி இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்குமா, வந்திருக்காதா? வித்தியாசம் அங்கேதான்.

இறாலிடம் இன்னொரு பாடம் பாக்கி இருக்கிறது.

1986-ல் இந்த இறாலுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, இரண்டாவது சொல்லாக 'எக்ஸாகுலேட்டா' என்று வைத்தார்கள். 'கண் இல்லாதது' என்று பொருள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருட்டில் கண் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். சிண்டி வான் டோவர் என்ற பெண் விஞ்ஞானிக்கு மட்டும் ஒரு சந்தேகம். இறாலின் முதுகில் பளபளவென்று இரண்டு பட்டைகள் தெரிகின்றனவே, அது என்ன? ஆராய்ந்து பார்த்து 1989-ல் வெளியிட்டார்கள். அதுதான் கண்! உருவத்தைக் காட்டும் லென்ஸ் இல்லை, ஆனால் மிக மிக மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கும் ஏற்பாடு. வெந்நீர் ஊற்று நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் லேசாக ஒளிர்வதும் அந்தக் காலகட்டத்தில்தான் கேமராவில் பதிவானது. அந்த ஒளியைத்தான் இறால் முதுகால் பார்க்கிறது என்று கருதுகிறார்கள்.

கண் இல்லை என்று முதலில் எழுதினோம். கண் நாம் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கதையின் அடுத்த பகுதி கொஞ்சம் சங்கடமானது. 1999-ல் வேறு சில விஞ்ஞானிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த இறால்களைப் பார்க்கப் போகும் நீர்மூழ்கிகள் பெரிய பெரிய விளக்குகளைப் போட்டுக்கொண்டு போகின்றனவே, மங்கல் ஒளிக்காக உண்டான அந்தக் கண் என்ன ஆகும்? பிடித்து வந்த இறால்களின் கண் செல்கள் சிதைந்திருந்தன. பார்க்கப் போனவர்களே பார்வையைப் பறித்திருக்கிறார்கள். பின்னாளில் போய்ப் பார்த்தபோது இறால் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை, வழக்கம்போல மொய்த்துக்கொண்டிருந்தன. அதற்காக, 'குருடானால் என்ன, பழகிக்கிச்சு பாருங்க' என்று சொல்லிவிட முடியுமா? எண்ணிக்கை குறையவில்லை என்பதால் இழப்பு இல்லை என்று ஆகிவிடாது. வடசென்னையின் மக்கள்தொகைகூடத்தான் குறையவில்லை.

எங்கோ அட்லாண்டிக் இறால், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் இந்தியப் பெருங்கடலிலும் அதன் பங்காளி இருக்கிறது. 2000-ல் ஜப்பானியர்கள் மொரீஷியஸுக்குக் கிழக்கே, கடலடி மலைத்தொடரில் ஒரு வெந்நீர் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மொய்த்த இறாலுக்கு 2002-ல் 'ரிமிகாரிஸ் கைரெய்' என்று பெயர் வைத்தார்கள். அதே ஊற்றில் ஒரு நத்தை. காலில் இரும்புச் செதில் போர்த்திய நத்தை! கந்தகமும் இரும்பும் சேர்ந்த கவசம். 2019-ல் அதை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். காரணம், அது வாழும் சில ஊற்றுகளில் சுரங்கம் வரலாம் என்ற பயம்.

சுரங்கமா, அந்த ஆழத்திலா? ஆமாம். அந்தக் கல் புகைபோக்கிகளில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன, கொஞ்சம் தங்கமும் வெள்ளியும்கூட. இந்தியாவும் 2016-ல் சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டு, இந்தியப் பெருங்கடலில் 10,000 சதுர கிலோமீட்டரை ஆராயும் உரிமை பெற்றது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரில் இன்னொரு 10,000. 2024 டிசம்பரில் நம் விஞ்ஞானிகள் 4,500 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்ததாக அறிவித்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்காக, நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கியைச் செய்கிறது. 2025 தொடக்கத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தது எங்கே தெரியுமா? காட்டுப்பள்ளி துறைமுகத்தில். மணலியில் இருந்து எண்ணூர் தாண்டிக் கொஞ்சம் போனால் அதே காட்டுப்பள்ளி!

வங்காள விரிகுடாவிலும் சூடில்லாத ஊற்றுகள் உண்டு. கிருஷ்ணா - கோதாவரி கடலடியில் மீத்தேன் கசியும் இடத்தில், அதே ரசாயன உணவை நம்பி சிப்பிகள் வாழ்வதை கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டு 2019-ல் எழுதினார்கள். கீழே உறைந்து கிடக்கும் மீத்தேன், நாளைய எரிபொருள் என்று கண் வைக்கப்பட்டிருக்கும் சரக்கு.

இப்போதைக்கு நடப்பது ஆராய்ச்சிதான், தோண்டல் அல்ல. ஓய்ந்துபோன ஊற்றுகளை மட்டும் தோண்டலாம், உயிரோடு இருப்பதை விட்டுவிடலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நல்ல பேச்சுதான். உலகம் முழுக்க உயிர்ப்போடு இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர்களை எல்லாம் சேர்த்து வைத்தால் சுமார் 50 சதுர கிலோமீட்டர்தான் வரும் என்று வான் டோவரும் அவர் கூட்டாளிகளும் கணக்கிட்டிருக்கிறார்கள். 426 சதுர கிலோமீட்டர் இருக்கும் சென்னை மாநகராட்சியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த இடத்தில் மணலிக்காரர் ஒருவர் என்னைக் கேட்கலாம். 'அண்ணே, செம்பு கிடைச்சா பேட்டரி வண்டி வரும். பேட்டரி வண்டி வந்தா எண்ணெய் குறையும். எண்ணெய் குறைஞ்சா எங்க ஊர்ல புகை குறையும். என் பிள்ளைக்கு மூச்சிரைப்பு. நீங்க எங்கேயோ இருட்டுல இருக்கிற இறாலுக்காகப் பேசறீங்களே?'

அவருக்குப் பதில் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்கக் கூடாது. இறாலையும் பிள்ளையையும் தராசில் வைத்தால் பிள்ளைதான் பெரிது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தராசில் இருப்பது அவை இரண்டு மட்டுமா? அந்த இடத்தைத் தோண்டலாம் என்பதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கேளுங்கள். 'அங்கே யாரும் இல்லை. இருக்கிறது எல்லாம் எதையும் தாங்கும்.' அறுபது வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் உப்பளத்தையும் சதுப்பையும் கழிமுகத்தையும் பார்த்து நகரம் நினைத்ததும் இதே வாக்கியம்தான். 'அங்கே என்ன இருக்கு? வெத்து இடம். நாலு மீன்பிடிக்கிற குப்பம்.' கழிமுகத்தில் முட்டிவரை சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடித்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அனல் மின் நிலையத்தின் சாம்பலும் சுடுநீரும் அந்த இறாலின் வீட்டுக்குள் வந்தபோதும் வரவில்லை.

அந்த வாக்கியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அதைக் கடலடியில் ஜெயிக்க விட்டால், அது அங்கேயே தங்கிவிடாது. பழகின பாதையில் திரும்பி வரும். வந்தால் மயிலாப்பூருக்கா வரும்? முதலில் மணலிக்குத்தான் வரும்.

ஆகவே தோண்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன், அங்கே யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது, குறைந்தபட்ச மரியாதை. அதுவும் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. மணலிக்கும் அதே மரியாதைதான் பாக்கி.

உங்களால் ஒன்று செய்ய முடியும். இனி யாராவது யாரைப் பற்றியாவது 'அவங்களுக்குப் பழக்கம்' என்று சொல்லும்போது, இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இதை அவரே சொன்னாரா, இல்லை அவருக்காக நீங்கள் சொல்கிறீர்களா? இரண்டு, வேண்டாம் என்றால் அந்த இடத்தை விட்டுப் போக அவருக்கு வழி இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் திருப்தியாக இல்லையென்றால், அது பழக்கம் அல்ல. வேறு பெயர் இருக்கிறது அதற்கு.

அடுத்த தடவை எண்ணூர் பக்கம் போகும்போது, கண்ணாடியை ஒரு இரண்டு நிமிஷம் இறக்கியே வையுங்கள். மூக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். அது சுளிக்கிற வரைக்கும்தான் நல்லது.